சபைத் தணிக்கைக் குழு

"அந்தப் பாட்டை இன்னொரு தரம் ஓட்டுங்க பிரதர். சரியாப் பார்க்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது," என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

ஏற்கெனவே இரண்டு தரம் சரியாகத்தான் பார்த்திருந்தார்கள். ஆடிட்டர் கண்ணும் கருத்துமாக லேப்டாப்பைப் பின்னால் நகர்த்தினார். கதாநாயகி மறுபடியும் மழையில் நனைய ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் இருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்து ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. சபை வாலிபர்கள் ஹாலில் சினிமா பார்க்கலாமா என்று போதகரிடம் போய் நின்றார்கள். போதகர் பாவம், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். முதலில் மூன்று மூப்பர்கள் பார்க்கட்டும், வாலிபருக்கு இடறல் இல்லை என்று அவர்கள் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் பின்பக்க ஹாலில் வாலிபர் கூட்டம், முன்னறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு மூப்பர் கூட்டம்.

ஒரு படமாவது தேற வேண்டுமே! முதல் வாரம் வந்தது குழந்தைகள் படம். அதில் ஒரு குரங்கு பெரியவர் ஒருவரை மரியாதையில்லாமல் பேசிவிட்டது. தலைமையாசிரியர் அதைத் தள்ளுபடி செய்ததோடு விடாமல், ஏன் தள்ளுபடி என்று எழுந்து நின்று அரை மணி நேரம் விளக்கினார். கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர். அதற்குப் பிறகு வந்த படங்களைக் கேட்கவே வேண்டாம். ஒன்றில் குடி, ஒன்றில் முத்தம், ஒன்றில் இரண்டும் சேர்ந்து ஒரு பேய்க்கு. எல்லாவற்றையும் கடைசி வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் கூடாது என்றார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு இது சிரிக்கிற விஷயமாக இல்லை. வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் அவருடைய மகள்தான். போன வருஷமே அந்தக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள், அவர்களும் கொட்டாவி விட்டார்கள். எதைக் கேட்டாலும் கூடாது, கூடாது என்றால் பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒருநாள் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள். அப்புறம் எந்தக் கண்றாவியை யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கேட்க நாதி இருக்காது. மகளிடம் கேட்டால், கமிட்டி சொன்னால் சரிதான் என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் கையில் கொடுத்தாள். அந்த அடக்கத்தைப் பார்த்து அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

ஒருவழியாகப் படம் முடிந்தது. பாட்டு ஆபாசம், சண்டை அநாவசியம், ஆகவே கூடாது என்றார் ஆடிட்டர். தலைமையாசிரியர் அதை ஆமோதித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நல்ல முகவெட்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். வாழ்நாளில் குரலை உயர்த்தி அறியாத மனுஷர்.

"இத்தனை மாசமா எல்லா அழுக்கையும் நாம மூணு பேர்தான் பார்த்துக்கிட்டிருக்கோம். நல்லது கெட்டதைப் பிரிச்சுப் பார்க்கிற புத்தியை ஆண்டவர் நமக்கு மட்டுமா கொடுத்தாரு? பிள்ளைகளை ஒரு தடவை நம்பிப் பார்ப்போம் ஐயா. இல்லேன்னா நான் இப்பவே கமிட்டியை விட்டு விலகிக்கிறேன்."

ஆடிட்டருக்கு ராஜினாமா, பொதுக்குழு, மறுதேர்தல் எல்லாம் கண்முன் வந்துபோயின. தலைமையாசிரியர் மழைப் பாட்டை நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிவிட்டுப் படத்தைக் காட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே பின்பக்க ஹாலுக்கு ஓடினார். கமிட்டி ஆரம்பித்த பிறகு அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. போனால், வாசல் வரை பிள்ளைகள் பிதுங்கி நின்றார்கள். ஒரு மூலையில் கித்தார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கூட்டம், வேலை போன ஒருவனைச் சுற்றி உட்கார்ந்து அவன் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு ஏதோ சபைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டத்தில் மகளைக் கண்டுபிடித்து, ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஏம்ப்பா பாஸ் பண்ணீங்க? இதைவிட மோசமான படமே இல்லைன்னு தேடித் தேடி எடுத்தேனே. எங்களுக்கு எதுக்குப்பா சினிமா? நீங்க மூணு பேரும் அந்த ரூம்ல இருக்கிறதாலதான் இத்தனை பேர் தைரியமா வர்றாங்க. இனிமே பழையபடி இங்கே வந்து உட்கார்ந்து, மணிக்கணக்கா புத்தி சொல்ல ஆரம்பிச்சுடுவீங்களே!"

முன்னறைக் கதவு திறந்தது. வாலிபர்களிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார், பின்னாலேயே ஆடிட்டர். மருந்துக்கடைக்காரர் பாய்ந்து போய் இரண்டு பேரையும் வழிமறித்தார்.

"ஐயா, பிள்ளைகளுக்குப் படம் வேண்டாமாம், டிவி சீரியல் பார்க்கலாமான்னு கேட்கிறாங்க. மொத்தம் ஆயிரத்து இருநூறு எபிசோடு. வாங்க, இப்பவே ஆரம்பிச்சுடலாம்."