மைனஸ் ஒன்பதுக்கு முன்னால்

ஏழு சொட்டு விழுந்தது. எட்டாவது வரவில்லை.

எஞ்சின் குழிக்குள் ஒரு கையை விட்டபடி படகின் தரையில் குப்புறப் படுத்திருந்த ஹில்க்கா, அடியில் வைத்த டப்பாவையே பார்த்தாள். வடிகால் திருகைக் கழற்றியாயிற்று. எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சப்பட்டு உள்ளே நிற்கும் கடல் தண்ணீர் குடகுடவென்று கொட்ட வேண்டும்.

ஏழே சொட்டு.

போன வருடமும் இப்படித்தான். சொட்டு நின்றதும் எஞ்சின் காலி என்று நினைத்து, திருகை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனாள். தண்ணீர் உள்ளேயே இருந்தது. குளிரில் உறைந்து, வீங்கி, விரல் தடிமன் இரும்பைப் பிளந்துவிட்டது.

மே மாதம் படகுகளைக் கடலில் இறக்கும் நாளில், படகு கிளப்பே கூடி நின்று அந்த விரிசலைப் பார்த்தது.

"ஹில்க்கா எஞ்சினுக்குள்ள ஐஸ்கிரீம் போட்டிருக்கா. ஆளுக்கொரு கரண்டி எடுத்துட்டு வாங்கப்பா!" என்றார் ஓஸ்மோ.

அந்தச் சிரிப்பு கோடை முழுக்கத் தீவு தீவாகச் சுற்றியது. பெட்ரோல் பங்க்கில் கேட்டது. மீன் கடையில் கேட்டது. அவள் ஓட்டும் பஸ்ஸின் கடைசி சீட்டில்கூடக் கேட்டது.

நல்லவேளை, இன்று ஓஸ்மோ இங்கே இல்லை.

மணி மூன்று. இன்றிரவு மைனஸ் ஒன்பது என்று ரேடியோ சொல்லிவிட்டது. கரையில் மரத்தாங்கிகள் மேல் ஏற்றி வைத்த நாற்பது படகுகளில் முப்பத்தொன்பது தார்ப்பாய்க்குள் தூங்கிவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி.

"ஏம்மா, மெக்கானிக்குக்கு போன் போட்டியா?" ஏணியிலிருந்து யால்மரி எட்டிப் பார்த்தார். படகுத்துறைக் காவலர். சாவியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"போட்டேன். வியாழக்கிழமைதான் வருவாராம்."

"வியாழக்கிழமைன்னா வரும்போது மலர்வளையத்தோட வரச் சொல்லு." மூக்கை உறிஞ்சினார். "இதோ பாரு, இந்த எஞ்சினும் வெடிச்சுதுன்னா என் பேரு வரக்கூடாது. நான் இந்தப் பக்கமே வரலைன்னு சாதிச்சுடுவேன்."

"அப்போ ஏணியில நிக்கிறது யாராம்?"

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். கோட் மாட்டும் ஹேங்கரை நிமிர்த்திய கம்பி.

பிளந்துபோன அந்த இரும்பை அவள் வீசி எறியவில்லை. கோடை முழுக்க அதைக் கராஜில் வைத்துக் குடைந்து பார்த்தாள். திருகுத் துளைக்குப் பின்னால் துருவும் சேறும் சிப்பித் தூளும் சேர்ந்து சிமென்ட் மாதிரி அடைத்துக் கிடந்தன. சொட்டு நின்றது தண்ணீர் தீர்ந்ததால் அல்ல, வாசல் அடைபட்டதால்.

கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தினாள். வளைந்தது.

இழுத்து நிமிர்த்தி மறுபடி குத்தினாள். விரல் மூட்டு இரும்பில் உரசித் தோல் உரிந்தது.

"விட்டுடும்மா. கை போயிடும்."

"கை வளரும். எஞ்சின் வளராது."

மூன்றாவது குத்தில் கம்பியின் நுனியில் என்னவோ நொறுங்கியது.

அடுத்த நொடி பழுப்புத் தண்ணீர் அவள் முழங்கை வரை பீய்ச்சி அடித்தது. டப்பா நிரம்பியது. வாளியை இழுத்து வைத்தாள். வாளியும் பாதிக்கு மேல் ஏறியது. இவ்வளவும் உள்ளே உட்கார்ந்து இரவுக்காகக் காத்திருந்தது!

"வா ராசா, வா!" என்று எஞ்சினைப் பார்த்துக் கத்தினாள்.

எதிர்ப்பக்கத் துளை. அதுவும் அடைப்பு. அதையும் குத்தினாள். அதுவும் கொட்டித் தீர்த்தது.

திருகுகளை இறுக்கினாள். தண்ணீர் உறிஞ்சும் குழாயை, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த வாளிக்குள் போட்டாள். "பின்னாடி போய்ப் புகைக்குழாயைப் பாருங்க. தண்ணி என்ன கலர்ல வருதுன்னு சொல்லுங்க. ரோஸ் வந்தாத்தான் உள்ள பூரா ஏறிடுச்சுன்னு அர்த்தம்!"

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, உறுமியது, ஓடியது.

"பழுப்பு!" யால்மரியின் குரல்.

வாளியில் திரவம் இறங்கிக்கொண்டே போனது.

"வெளுத்த மாதிரி இருக்கு! வெளுப்பு!"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோஸ்! ஹில்க்கா, ரோஸு! ஐயோ, என் பூட்ஸெல்லாம் ரோஸு!"

எட்டிப் பார்த்தாள். கிழவர் தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, நனைந்த காலோடு குதித்துக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையையும் வானத்தை நோக்கி உயர்த்தினாள்.

வேலை முடித்தவர் செய்ததை ஓர் அட்டையில் எழுதி ஸ்டீரிங்கில் மாட்டுவது கிளப் வழக்கம். மே மாதம் படகின் சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

பெரிய எழுத்தில் எழுதினாள். "தண்ணீர் வடித்தாயிற்று. துளை குத்தியாயிற்று. ரோஸ் ஏற்றியாயிற்று. செய்தது: ஹில்க்கா."

யால்மரி மேலே ஏறி வந்து படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஓஸ்மோவுக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணினது பத்தாதா? நாற்பது பேர் முன்னாடி இதை அவன் வாயாலேயே படிக்கணுமேம்மா!"

ஓஸ்மோ திங்கட்கிழமையிலிருந்து துர்கு நகர ஆஸ்பத்திரியில் கிடந்தார். தன்னுடைய இந்தப் படகைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற ரகமும் இல்லை.

இருவரும் சேர்ந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். காற்றில் அதற்குள் ஊசிக் குளிர் ஏறியிருந்தது.

மூன்று தாங்கி தள்ளி ஹில்க்காவின் படகு நின்றது. எஞ்சின் இருந்த இடத்தில் இன்னும் வெறும் குழிதான். கோடை முழுக்க அதைக் குனிந்த தலையோடு கடந்தவள், இன்று நின்று, அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்தாள்.