திரிகால மணி

1932இல் இலங்கை மலையகத்தில் கலஹா தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புதிய சாமியார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பேச்சு.

மறுநாளே, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்புறோஸைக் கூப்பிட்டார்.

"மாதா செபத்துக்கு மூன்று வேளையும் நேரத்துக்கு மணி கேக்குது. மூன்று மூன்றாச் சரியா விழுகுது. கடைசி ஒன்பது அடிதான் கொஞ்சம் அவசரம்."

"திருத்திக்கிறோங்க சாமி."

"கீழ இருக்கிற புரட்டஸ்தாந்துக் கோயில் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது. போனால் உம்மைத்தான் வேலையால நிப்பாட்டுவன்."

அம்புறோஸ் கீழ்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மத்தியான மணிக்கு நேரமாச்சு. அடியும், பாப்பம்."

அம்புறோஸ் அசையவில்லை. சாமியாரே மணிக்கூண்டில் ஏறினார். அங்கே வெடித்த மணி சாக்கு மூடிக் கிடந்தது.

அந்நேரம் கீழேயிருந்து மணி ஒலித்தது. மூன்று, பிறகு மூன்று. மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூடையோடு நின்று சிலுவை அடையாளம் போட்டார்கள்.

"நம்ம மணி வெடிச்சு ஆறு மாசமாச்சுங்க," என்றார் அம்புறோஸ். "அடிக்கிறது கீழ்க்கோயில் போதகர். 'எங்க சபையில மாதா செபம் இல்ல, மலையில நிக்கிறவங்களுக்கு இருக்கே'ன்னு அவரே அந்த வேலையக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. என்னைய நிப்பாட்டிடுங்க சாமி."

கடைசி ஒன்பதும் முடியும்வரை சாமியார் கைகூப்பி நின்றார். பிறகு இறங்கி வந்து குடையை எடுத்தார்.

"வாரும், கீழ போவம். நன்றி சொல்லிப்போட்டு, அந்த ஒன்பதையும் அவசரப்படாமல் ஆறுதலா அடிக்கப் பழக்குவம்."