சுரண்டிய பெயிண்ட்

“அந்த லாம்ப்பை மட்டும் பத்த வச்சுப் பாருங்க, நான் இந்த ஜன்னலை விட்டு இறங்கவே மாட்டேன்!”

சொன்னபடியே வசந்தகுமாரி ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெயிண்டர் கஜபதி தீ உமிழும் புளோ லாம்ப்பும் கையுமாகத் திருதிருவென்று முழித்தார்.

“இன்னாம்மா நீ! நெருப்பு காட்டுனா பழைய பெயிண்டு அப்பளமாட்டம் எழும்பிக்கும். சுரண்டிக்கினே போவேன். சாயந்தரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும்.”

“அந்தப் புகை எங்க போகும்? எம் பிள்ளை மூக்குலதானே? அது விஷம், மேஸ்திரி!”

அண்ணனூரில் அவர்கள் புதிதாக வாங்கிய பழைய வீடு அது. ஒன்றரை வயது அரவிந்தன் மின்சார ரயிலை வேடிக்கை பார்க்க அந்த ஜன்னலில் தொற்றிக்கொண்டு, கட்டையைக் கடித்துக் கடித்தே பச்சைப் பெயிண்டைப் பேர்த்துவிட்டான். கேள்விப்பட்ட டாக்டரம்மா பதறிப்போனார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், பொடியாகவோ புகையாகவோ உள்ளே போனால் குழந்தையின் மூளையையே கெடுக்கும் என்றார். அன்றைக்குப் போனதுதான் வசந்தகுமாரியின் தூக்கம்.

அவள் கணவன் ராமகிருஷ்ணன் வந்து கெஞ்சினான். “இறங்கு குமாரி, தெருவே சிரிக்குது. நாமெல்லாம் இந்தப் பெயிண்டுக்கு நடுவுலதானே வளர்ந்தோம்?”

“சிரிக்கட்டும். எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா சிரிக்கிறவங்களா வந்து நிப்பாங்க?”

ராமகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் கைவந்த கலை அது.

கடைசியில் அவள் வைத்ததுதான் சட்டம். வாசல் கதவு, ஜன்னல் கதவு எல்லாவற்றையும் கழற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோய், பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்திலேயே சுரண்ட வைத்தாள். உப்புத்தாளைக்கூட நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கஜபதி முனகினார். “உன்னிய ஆவடி மிலிட்டரிக்காரன் ஆளெடுக்காம உட்டுட்டானே தாயே!”

“நான் விடல, மேஸ்திரி. அந்த மூலையில இன்னும் பச்சை தெரியுது பாருங்க.”

சுரண்டியதெல்லாம் ஒரு கோணி மூட்டை சேர்ந்தது. ஊரே சிரித்தாலும் பெற்றவள் ஜெயித்துவிட்டாள். தரையை ஈரத்துணியால் தானே துடைத்துவிட்டு, பெருமை தாங்காமல் பாத்திரம் தேய்க்கும் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாள்.

“இந்த மூட்டையைப் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்ட கொட்டிட்டு வா. முந்தானையால மூக்கைப் பொத்திக்கோ. பொல்லாத விஷம்!”

பஞ்சவர்ணம் மூட்டையைத் தொடவில்லை.

“அங்க கொட்ட மாட்டேம்மா.”

வசந்தகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் அடக்கியவளிடம் வேலைக்காரி எதிர்த்துப் பேசுவதா?

“ஏன் கொட்ட மாட்டே? நம்ம குப்பையெல்லாம் அங்கதானே போடறோம்? வெறும் முள்ளுக்காடு. அங்க யாரு இருக்கா?”

பஞ்சவர்ணம் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நாங்க கீறோம்மா. நானும் எம் புள்ளைங்களும்.”