அசுரனுக்கு ஏற்ற ஆயுதம்

"முதல்ல உலக்கை. அப்புறம் மாப் கட்டை. இப்ப கரண்டி. உன் வூட்டுச் சாமான் ஒவ்வொண்ணா மாடிக்குப் போய்க்கினு கீது. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சுப்பராயன்.

அவர் மனைவி கங்கம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நான்தான் குடுத்தேன். புள்ளைங்க கேட்டுச்சுங்க."

"இன்னாத்துக்குன்னு கேட்டியா?"

"வெளையாடவாம். ஒருத்தன் அசுரன், மத்தவங்க வீரனுங்க. கதை மாதிரி பேசிக்கினே ஆடுவாங்களாம்."

"ஒரகடத்துக் கம்பெனியில மெஷின் ஓட்டுறவனுங்க. மீசை மொளைச்சவனுங்க. அசுரன் வெளையாட்டாம். நீயும் நம்பிட்ட."

படப்பையில் அவருடைய மாடியில் இதற்கு முன் குடியிருந்தவர்கள் தெருவில் அடித்துக்கொண்டு, போலீஸ் ஜீப் வாசலுக்கே வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரன் பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்ததை சுப்பராயன் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கோபம் முழுக்க இப்போது இருக்கிற மூன்று பையன்கள் மேல் திரும்பியிருந்தது.

அவர்களில் அமலன் என்பவன் வேலைக்கே போவதில்லை. பிரஸ் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் ஆகி, கட்டும் பிரித்தாகிவிட்டது. விரல்கள் இருக்கின்றன, மடங்கவில்லை. மடங்கினால்தான் திரும்ப வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்.

மாடியில் எதுவோ 'ணங்'கென்று விழுந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏதோ கூட்டுச் சதி நடக்குது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று சுப்பராயன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினார். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார்.

தரையில் பகடை கிடந்தது. சூதாட்டம் வேறா என்று நினைத்துக்கொண்டார்.

"ஏலே, செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ள கெடக்க அசுரன்லா நீ. உனக்கு வாள் எப்பிடிக் கெடைச்சுது? யாரு அடிச்சுக் குடுத்தா? தண்ணிக்குள்ள துருப் பிடிச்சுல்லா போவும்?" இது சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

"சரி, துடுப்பு" என்றான் அமலன். "போன வாட்டி துடுப்பாலதான் உங்க ரெண்டு பேரையும் சாத்தினேன்."

"அது வெட்டவெளி. இப்ப நாங்க குகைக்குள்ள வந்துட்டோம். இந்த இடுக்குல துடுப்பைச் சுத்துனா உன் மண்டையிலதான் படும். மீன் குத்துற ஈட்டின்னா நம்பலாம்."

"எனக்குத் துடுப்புதான் வசதி."

"அசுரனுக்கு வசதி பாத்தா கதை நல்லா இருக்காதுடா" என்றான் டில்லிபாபு. "ஈட்டின்னா ஈட்டி. இதான் ஈட்டி, வலது கையால புடிச்சிக் காட்டு. புடிக்க முடியாத ஆயுதத்தை வச்சிக்கினு அசுரன் சண்டைக்கு வந்தான்னா எவன் நம்புவான்?"

கரண்டியை நீட்டினான். கங்கம்மாளின் சாம்பார்க் கரண்டி.

அமலன் அதன் காம்பைப் பிடிக்கப் பார்த்தான். நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"அசுரன் பயந்துட்டான்" என்றான் டில்லிபாபு. சுடலைக்கண்ணு சிரித்தான்.

சுப்பராயன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"நீங்கள்லாம் மனுசனுங்களாடா? கை விளங்காதவனை அசுரன்னு சொல்லி, கையில கரண்டியக் குடுத்துட்டு, அவன் தவிக்கிறதை வேடிக்கை பாக்குறீங்களா? ஒண்ணாந்தேதி வூட்டைக் காலி பண்ணுங்க."

அமலன் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்.

"இல்ல சார்" என்றான். "அசுரனா நான் இருக்கேன்னு நான்தான் கேட்டேன்."

"உனக்காகத்தான்டா பேசினு கீறேன். நீ சும்மா இரு."

சுடலைக்கண்ணு எழுந்து வந்தான். "ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று அவரைப் படிக்கட்டுக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசுங்கய்யா. அவனுக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

"மொதல்ல தடியான சாமானா புடிக்கச் சொல்லுங்க, பெறவு கொஞ்சங் கொஞ்சமா ஒல்லியானதாக் குடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாவ. அப்பத்தான் வெரல் மடங்குமாம். புடிச்சுப் பழக அவங்க குடுத்த உருளைய இவன் தூக்கி எறிஞ்சுட்டான். 'என் கை அவ்வளவுதான், இனிமே யாரும் தொடாதீங்க'ன்னு செவுத்தப் பாத்துப் படுத்தவன், பல நாளா எந்திரிக்கவே இல்ல."

சுப்பராயன் கதவைப் பார்த்தார்.

"அதான் ஒவ்வொரு வாரமும் ஏதாச்சும் காரணம் சொல்லி அவன் ஆயுதத்தை மாத்துதோம். உலக்கையில ஆரம்பிச்சு கரண்டிக்கு வந்திருக்கோம்."

"இதை உள்ளயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வெளையாட்டை விட்டுருவான்யா. நீங்க காலி பண்ணச் சொன்னா பண்ணிருதோம். ஆனா அவன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிராதிய."

உள்ளேயிருந்து அமலனின் குரல் கேட்டது. "டேய் டில்லி, ஈட்டி விழல பாரு. நல்லாப் பாத்துக்கோ. அசுரன் குத்த வர்றான், பகடையைப் போடு."

சுப்பராயன் ஒரு படி கீழே இறங்கினார்.

சுடலைக்கண்ணு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

"தனக்காகன்னா ஒத்தை வெரலைக்கூட அசைக்க மாட்டான்யா. அசுரன் தோத்துரக் கூடாதுன்னுதான் மடக்குதான்."