இடியோபதிக்

"எதுனால இப்படி ஆச்சு டாக்டர்?"

அந்த அம்மா கேட்பது இது மூன்றாவது முறை. பக்கத்தில் அவருடைய மகன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இடியோபதிக்" என்றார் டாக்டர், மூன்றாவது முறையாக.

"ஓ, அதுவா!" அந்த அம்மா ஒருவழியாக அடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அந்த கிளினிக்கில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் பார்த்து மனப்பாடம் செய்வேன். நர்ஸுகள் என்னை 'டிக்‌ஷனரி' என்பார்கள். அது கிண்டல் என்று புரிய எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் டாக்டருக்குக் கிரீடம் கழன்றுவிடுமா?

ரிப்போர்ட் வாங்க வந்தபோது அந்த அம்மா கேட்டார். "தம்பி, இந்த இடியோ... அது பெரிய வியாதியா?"

பதினெட்டு வருஷத்தில் என்னிடம் ஒருவர் அர்த்தம் கேட்பது இதுதான் முதல் தடவை. சும்மா விடுவேனா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அது வியாதி பேரே இல்லம்மா. ஏன் வந்துச்சுன்னு தெரியலைன்னு அர்த்தம். அதைத்தான் டாக்டருங்க பந்தாவா எழுதுவாங்க."

"காரணம் தெரியலையா? எனக்குத் தெரியும்!" அந்த அம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "பொய் சொல்ற வாய் கோணிப் போகும்னு இவதான் அவன்கிட்ட கத்துனா. மறுநாளே கோணிக்கிச்சு. கரிநாக்கு! டாக்டர் என்னவோ பேர் சொன்னாரேன்னு பேசாம இருந்தேன். நீ நேரா உங்கம்மா வீட்டுக்குப் போயிடு!"

"கோவத்துல சொன்னேன் அத்தை..."

மகன் ஏதோ தடுக்கப் பார்த்தான். பாதி வாயில் வார்த்தை வரவில்லை.

நர்ஸ் என் காதருகே குனிந்தார். "டிக்‌ஷனரி சார், வந்ததுலேருந்து அந்தம்மா இதே பாட்டுதான். அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் டாக்டர் அவங்க வாயை அடைச்சிருந்தாரு. நீங்க தொறந்துவிட்டுட்டீங்க."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுந்து, வாசல் பக்கம் நகர்ந்துவிட்ட அவர்கள் பின்னால் ஓடினேன்.

"அம்மா, அம்மா! நான் சொன்னது தப்பு. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தெரிஞ்ச மாதிரி உளறிட்டேன். அது வியாதி பேருதான். நரம்புல வர்றது. யாரு சொன்னாலும் வராது, சொல்லாட்டியும் நிக்காது."

"இதுகூடத் தெரியாமலா இங்க உக்காந்திருக்கே? உன் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பமே பிரிஞ்சிருக்குமேய்யா!"

காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, அந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டார். "அரைகுறைங்க பேச்சைக் கேட்டு உன்னைப் போய் திட்டிட்டேன் பாரு. வா, வீட்டுக்குப் போலாம்."

மூவரும் வாசலைத் தாண்டினார்கள். விட்டுப்போன மாத்திரைச் சீட்டை எடுக்க மருமகள் மட்டும் திரும்பி வந்தாள்.

"ரொம்ப நன்றி சார்."

"திட்டு வாங்கினதுக்கா?" என்று அசடு வழிந்தேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கும் தெரியும் சார். நான் சயின்ஸ் டீச்சர்."