கூலித் தாத்தா வேண்டும்

"எங்க தாத்தா சுத்தமான கூலிக்காரர். கஞ்சித் தொட்டியில வரிசையில நின்னவர். உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்" என்று ராஜேந்திரன் மார்தட்டிக்கொண்டார். தட்டிய மார்பில் பட்டு டை, பையில் தங்க மூடி போட்ட பேனா.

கண்டோன்மெண்ட் சர்ச்சின் கிளார்க் சின்னப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினைந்து வருஷமாகப் பழைய பதிவேடுகளோடு குடித்தனம் நடத்துகிறவர். ஜமீன் வம்சம் தேடி நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். கூலி வம்சம் தேடி காரில் வந்து இறங்கியவர் இவர் ஒருவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் யூனிஸுக்கு மார்க் போதவில்லை. மிஷன் மருத்துவக் கல்லூரியில், தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வந்த கூலிகளின் வாரிசுக்கென்று ஒரே ஒரு சீட் இருந்தது. விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். போன வாரம் வரை ராஜேந்திரனின் மல்லேஸ்வரம் வீட்டில் தாத்தாவைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை.

"சென்சஸ் ஆபீஸ்ல கேட்டேன். தலையை எண்ணியிருக்காங்க, பேரை வெச்சுக்கல. முனிசிபாலிட்டி சாவுப் பதிவைக் கரையான் தின்னுடுச்சாம். இனி உங்க புஸ்தகம்தான் கதி. இதுல யாரும் கைவெச்சு மாத்திட முடியாதே?"

"செத்தவரோட பிள்ளை நேர்ல வந்து, கையெழுத்துப் போட்டு, காரணத்துக்கு ஆதாரமும் ஒட்டினாத்தான் ஒரு வார்த்தை மாத்துவோம். பேரன் வந்து கேட்டா நடக்காது சார்."

"அப்படித்தான் இருக்கணும். எங்க அப்பாவும் போய் ஆறு வருஷம் ஆச்சு, மாத்த ஆளே இல்ல" என்று ராஜேந்திரன் நிம்மதியாகச் சிரித்தார். "சீக்கிரம் பாருங்க. என் சம்சாரத்துக்குத் தெரியாம வந்திருக்கேன். அவங்க சேலத்துல பெரிய இடம். மூணு மாசம் வம்சத்தை விசாரிச்சுத்தான் எனக்குப் பொண்ணே குடுத்தாங்க."

சின்னப்பா 1910-ஆம் வருஷத்து அடக்கப் பதிவேட்டைத் தூசி தட்டினார். விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"வேதமுத்து, ஒக்கலிபுரம், வயசு ஐம்பத்தெட்டு."

ராஜேந்திரனுக்குக் கண் கலங்கியே விட்டது. "அவரேதான்! ரயில் பாதைக்குக் கல் உடைச்சே செத்த மனுஷன். தொழில் என்ன போட்டிருக்கு?"

"மிராசுதார்."

"என்னது! படுக்கப் பாய் கூட இரவல் வாங்கினவருய்யா அவரு!"

எட்டிப் பார்த்தார். 'கூலி' என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே மணிமணியாக 'மிராசுதார்' என்று எழுதியிருந்தது. சர்டிபிகேட்டில் திருத்திய வார்த்தைதான் வரும் என்றார் சின்னப்பா.

"எந்த அயோக்கியன் வேலை இது? என் பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டானே! அவனை ஜெயில்ல தள்ளாம விட மாட்டேன்!" ராஜேந்திரன் மேஜையைக் குத்தினார்.

பக்கத்தின் ஓரத்தில் மடித்து ஒட்டியிருந்த காகிதத்தைச் சின்னப்பா மெதுவாகப் பிரித்தார்.

"கையெழுத்து உங்க அப்பாவுது சார். ஆதாரத்துக்கு உங்க கல்யாணப் பத்திரிகையை ஒட்டியிருக்காரு."