ஐஸில் வந்த ரத்தம்

காரைக்குடி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் பிளாஸ்க்கை அணைத்தபடி ஓடிவந்தான் பெரியகருப்பன்.

"இதுல எம் பொஞ்சாதி ரத்தம் இருக்கு. ஐஸ் உருகுறதுக்குள்ள பாருங்கய்யா."

ரத்தம் பார்க்கும் வீரப்பன் நிமிர்ந்தார். "போன வாரந்தான பாத்தோம்? சர்க்கரை வியாதி இல்லைன்னு சொன்னேனே."

"அன்னைக்கு நாச்சியாபுரத்துல காலையில எடுத்த ரத்தம். பஸ்ஸு வழியில நின்னு, வெயில்ல கெடந்து, சாயங்காலந்தான் ஒங்க கைக்கு வந்துச்சு. வெக்கையில கெடந்தா ரத்தத்துல உள்ள சர்க்கரை கொறஞ்சு போகுமாம். எங்க ஊரு நர்ஸம்மா சொன்னாக. அதான் இன்னைக்கு எடுத்த ஒடனே ஐஸ்ல வச்சுக் கொண்டாந்தேன்."

வீரப்பன் வேலையைத் தொடங்கினார். பெரியகருப்பன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், உடனே எழுந்துகொண்டான்.

கடைசியில் வீரப்பன் தயங்கியபடி சொன்னார். "மனசத் திடப்படுத்திக்கங்க. சர்க்கரை ரொம்ப இருக்கு."

"இருக்கா!" பெரியகருப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது.

"என்னய்யா, சீக்குன்னு சொல்றேன், சிரிக்கிறீக?"

"அவ எளைச்சுக்கிட்டே போறா. கொடங்கொடமாத் தண்ணி குடிக்கிறா. பேய் புடிச்சிருக்குன்னு எங்க வீட்டுல கட்டிப்போட்டிருக்காகய்யா. போன தடவை சீக்கு இல்லைன்னு தெரிஞ்சதும் பேயோட்டுற கோடாங்கிக்குச் சொல்லிவிட்டாக. இன்னைக்குச் சாயங்காலம் சாட்டையோட வாராரு. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாக."

வீரப்பன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார்.

"நடங்க. டாக்டரையும் கூட்டிக்கிட்டு நானும் வாரேன்."